காளை மூஸும் கந்தசஷ்டியும்

எங்கள் பத்திரிகைக்குக் காகிதம் அனுப்பும் ஆலைக்காரர்களோடு பேசிவிட்டு வர என்னை டொரொன்டோவுக்கு அனுப்பியிருந்தார்கள். 1986ஆம் வருடம், நவம்பர் தொடக்கம். முதல் நாள் பேச்சு நன்றாகத்தான் போயிற்று. கையெழுத்துப் போடவேண்டிய மனிதரை மட்டும் காணவில்லை. அவர் மூஸ் வேட்டைக்குப் போயிருப்பதாகவும் ஒரு வாரம் கழித்து வருவார் என்றும் வரவேற்பறைப் பெண் சொன்னாள். எங்கள் ஊர் அலுவலகங்களில் 'ஐயா சபரிமலை போயிருக்கார்' என்பார்களே, அதே குரல்.

ஒரு வாரம் ஓட்டலில் உட்கார்ந்து பத்திரிகைக் காசைக் கரைப்பதைவிட யோகராசாவின் வீட்டுக்குப் போவது மேல் என்று தோன்றியது. யோகராசா மட்டக்களப்புக்காரர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மனைவி செல்வியோடு சென்னை வந்து, கோடம்பாக்கத்தில் எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு வருடம் குடியிருந்தவர். இப்போது டொரொன்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார், கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சுத்த சைவம். முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் திருப்பிப் பார்த்து, அட்டையைப் படித்து, வைத்துவிடுவார்.

அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முருகன் படம் போட்ட காந்தத்தின் கீழே, அரசாங்கச் சீட்டு ஒன்று தொங்கியது. காளை மூஸ் ஒன்றைக் கொல்ல மாகாண அரசு திரு. யோகராசாவுக்கு வழங்கும் அனுமதி.

"உதைப் பாக்காதேங்கோ அண்ணை," என்றாள் செல்வி. "பாத்தா எனக்குக் கோவம் வருது."

இந்த ஊர் வழக்கம் இது. மூஸ் என்பது மானின் பெரியப்பா முறை. எருமை உயரம், ஒட்டகத்தின் முகம், தலையில் இரண்டு முறம். முன்பெல்லாம் உரிமம் வைத்திருப்பவர் எதையும் சுடலாமாம். மூஸ் குறைந்துபோகவே, மூன்று வருடம் முன்பு அரசாங்கம் ரேஷன் கொண்டுவந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதியில் இத்தனை காளை, இத்தனை பசு என்று கணக்குப் போட்டு, அதற்குக் குலுக்கல் வைக்கிறார்கள். பெயர் விழாதவர்கள் கன்றுக்குட்டியைச் சுட்டுக்கொள்ளலாம். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு எட்டு வருடம் காத்திருந்த எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சைவக்காரர் ஏன் விண்ணப்பித்தார் என்பதுதான் புரியவில்லை.

அதற்குக் காரணம் மறுநாள் நேரிலேயே வந்தது. மரியதாஸ். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஐம்பத்தைந்து வயது, மோர்னிங்சைடில் சொந்த வீடு. யோகராசாவும் செல்வியும் கனடாவில் முதல் குளிர்காலத்தைக் கழித்தது அவர் வீட்டு பேஸ்மன்டில்தான். அவர் கேட்டு இவர்களால் இல்லையென்று சொல்ல முடியாது, அது அவருக்கும் தெரியும். மன்னார்க் காட்டில் இளவயதில் மரை என்கிற பெரிய மானைச் சுட்டவர். இலங்கைத் தமிழர்களிடம் மரை வத்தல், அதாவது காயவைத்த மரை இறைச்சி, என்று சொல்லிப் பாருங்கள், கண்ணில் ஒரு ஈரம் தெரியும். மூஸை முதன்முதலில் பார்த்த அன்றே இது மரையின் அண்ணன் என்று தீர்மானித்து, வருடாவருடம் குலுக்கலில் பெயர் போட்டு வந்திருக்கிறார். விழவில்லை.

இந்த வருடம் விழுந்தே ஆகவேண்டும். அந்த வாரச் சனிக்கிழமை மகள் கலியாணம். சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக்காரர்கள். மன்னார்க்காரருக்கு மீனைத் தவிர என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கப்போக, கலியாண விருந்தில் மரைக் கறிதான் என்று மரியதாஸ் தேவாலய வாசலில் நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

எனவே, மாதச் சீட்டுப் பிடிக்கும் நம்மவர்கள் எவரும் செய்வதைச் செய்தார். சீட்டில் அவசரக்காரன் உறவுக்காரர் பெயர்களிலும் சேர்ந்துகொள்வான். எவர் பெயருக்கு விழுந்தாலும், 'இந்த முறை எனக்கு விடு, அடுத்தது நீ எடு' என்று மாற்றிக்கொள்வார்கள். மரியதாஸ் யோகராசாவை இழுத்துக்கொண்டுபோய் வேட்டை வகுப்பில் உட்காரவைத்து, பரீட்சை எழுதவைத்து, உரிமம் வாங்கி, குலுக்கலில் பெயரும் போட்டார். பரீட்சையில் யோகராசாவுக்குத்தான் மதிப்பெண் அதிகம். துப்பாக்கியைத் தொடாமலே பாதுகாப்பு விதிகள் அனைத்தையும் மனப்பாடம் செய்திருந்தார்.

குலுக்கலில் விழுந்ததும் யோகராசாவுக்கே. சந்தோஷமாக மரியதாஸ் வன இலாகாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, சீட்டைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னார். கைமாற்ற முடியாது என்றார்கள். இவர் விடாமல், பையனுக்குச் சம்மதம், எழுதியும் தருவான், அடுத்த வருடம் என்னுடையதை அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விளக்கியிருக்கிறார். மறுமுனையில் இருந்த பெண், ஐயா, இது ஒரு மூஸ், என்று மட்டும் சொன்னாளாம். கூட்டமாகப் போனால் யார் வேண்டுமானாலும் சுடலாம், ஆனால் பெயர் விழுந்தவர் கூட வந்து காட்டில் நிற்கவேண்டும் என்பது விதி.

நிற்கலாம்தான். ஆனால் அந்த வாரம் கந்தசஷ்டி.

செல்விக்கும் யோகராசாவுக்கும் கலியாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. இந்த வருடம் இருவரும் சேர்ந்து ஆறு நாளும் விரதம் பிடிப்பதாக நேர்ந்திருந்தார்கள். பகலில் ஒரு டம்ளர் பால், இரவில் பழம். ஞாயிற்றுக்கிழமை தொடங்கியாயிற்று, வெள்ளிக்கிழமை மாலை சூரசம்ஹாரத்தோடு முடியும். குழந்தை வரம் கேட்டு விரதம் இருக்கும் மனிதன் பெயரில் ஒரு உயிரைக் கொல்வதா என்பது செல்வியின் கேள்வி. அவள் அதைக் குரல் உயர்த்தாமல்தான் கேட்டாள். பாத்திரங்கள் மட்டும் சற்று உரக்கப் பேசின.

மரியதாஸ் சளைக்கவில்லை. "பிள்ளை, உங்கட முருகன் கலியாணம் கட்டினதே வேடப் பொம்பிளையை. மாமன் வீட்டில என்ன சாப்பிட்டிருப்பார் எண்டு நினைக்கிறாய்? பருப்பும் சோறுமோ?"

கத்தோலிக்கர் ஒருவர் சைவ சமயப் பிரசங்கம் செய்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மோசமாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன்.

செல்வி பேஸ்மன்ட் குளிர்காலத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் கணவரைப் பார்த்து மூன்று நிபந்தனை சொன்னாள். "இஞ்சாருங்கோ. நீங்கள் சுடக்கூடாது. அந்தா நிக்குதெண்டு கையும் காட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசைக்கு வீட்டில நிக்கவேணும்."

என்னையும் சாட்சிக்குப் போகச் சொன்னாள். பத்திரிகைக்காரன் பொய் சொல்லமாட்டான் என்று நம்புகிறவர்கள் உலகின் எந்த மூலையிலும் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பிக்கரிங் வரை ரயில். அங்கே கோர்டன் தன் ட்ரக்கோடு காத்திருந்தார். யோகராசாவின் தொழிற்சாலையில் ஃபோர்மன். வடக்கே ஒரு ஏரிக்கரையில் அவருக்கு மரக்குடில் இருக்கிறது. அதிகம் பேசாதவர். யோகராசாவை 'யோகி' என்றுதான் கூப்பிடுவார். சைவமும் விரதமுமாக இருக்கும் மனிதனுக்கு வேறு பெயர் அவருக்குத் தோன்றியிருக்காது.

ட்ரக்கின் ஹீட்டருக்கு இரண்டே நிலைகள், சஹாராவும் சைபீரியாவும். வழியில் ஒரு டோனட் கடையில் நிறுத்தினோம். வடையில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு அதை ஒரு தேசமே கொண்டாடுகிறது. மரியதாஸ் நான்கு சாப்பிட்டார். யோகராசா பால் வாங்கிக்கொண்டு, எங்கள் வாயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக் குடித்தார்.

நெடுஞ்சாலையை விட்டு மரம் வெட்டுவோரின் மண்பாதையில் இறங்கியதும் ட்ரக் அச்சுவரை சேற்றில் புதைந்தது. நான்கு பேரும் தள்ளினோம். அதாவது மூன்று பேர் தள்ளினார்கள், நான் கோட்டைக் காப்பாற்றிக்கொண்டு தள்ளுவதுபோல் நின்றேன். எதிரே மரக்கட்டைகள் ஏற்றிய பெரிய லாரி ஒன்று வந்து சங்கிலி போட்டு இழுத்துவிட்டது. அந்தக் கட்டைகள் எல்லாம் காகித ஆலைக்குப் போகிறவை என்றார் கோர்டன். ஆக, எங்களைச் சேற்றிலிருந்து மீட்டது எங்கள் பத்திரிகையின் அடுத்த வருட ஞாயிறு மலர். யாருக்காவது அது செய்த ஒரே நன்மையாக இது இருக்கக்கூடும்.

மரம் வெட்டிய இடத்தில் இளந்தளிர் முளைக்கும். தளிரைத் தேடி மூஸ் வரும். மூஸைத் தேடி உண்ணி வரும். இந்தக் கடைசிச் செய்தியைக் கோர்டன் குடிலில் வைத்துச் சொன்னார். சுவரில் ஒரு புகைப்படம் இருந்தது. ஏப்ரல் மாதம் அவரே எடுத்தது. மூஸ்தான், ஆனால் உடம்பில் மயிர் இல்லை. தோல் வெளுத்து, விலா எலும்பு தெரிய, சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றது. பேய் மூஸ் என்று சொல்வார்களாம். இலையுதிர் காலத்தில் புதர் நுனிகளில் உண்ணிக் குஞ்சுகள் கொத்தாகத் தொங்கும். உரசிப்போகிற மூஸின்மேல் ஏறிவிடும். குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கில் அங்கேயே இருந்து ரத்தம் குடிக்கும். மூஸ் மரத்தில் தேய்த்துத் தேய்த்து மயிரை இழக்கும், தின்பதையும் மறந்துவிடும். பலவீனமானவை வசந்தம் பார்க்காது.

மூஸ் கூட்டம் நெருக்கமாக இருந்தால் உண்ணியும் பெருகும். அதனால் கூட்டம் மெலிந்துவிடாமலும் வேண்டும், நெரிந்துவிடாமலும் வேண்டும். அனுமதிச் சீட்டின் கணக்கு அதற்குத்தான் என்றார் கோர்டன். இலாகாக்காரர்கள் விமானத்தில் பறந்து தலை எண்ணுவார்களாம். எங்கள் ஊரில் மனிதத் தலை எண்ணுவதற்கே வாத்தியார்கள் வெயிலில் நடக்கிறார்கள்.

மரியதாஸுக்கு ஒரே கவலை. "உண்ணி பிடிச்ச இறைச்சியெண்டு சம்பந்தி கண்டுபிடிச்சால்?"

உண்ணி தோலோடு போய்விடும், இறைச்சிக்கும் மனிதனுக்கும் ஒன்றும் இல்லை என்றார் கோர்டன். மரியதாஸ் உடனே நிம்மதியாகி, பன்றி கலந்த டின் பீன்ஸில் மிளகாய்த்தூள் போட்டு வதக்கினார். எனக்குச் செல்வி கட்டித் தந்த புட்டும் சம்பலும் இருந்தது. கோர்டன் சம்பலை ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்து, தட்டை நீட்டினார். யோகராசா மட்டும் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு புகைப்படத்தின் முன்னால் நின்றார். அவர் சிற்றப்பனுக்கு மட்டக்களப்பில் மாட்டுப் பட்டி இருந்தது. மாட்டுக் காதுக்குள் இருந்து உண்ணி பிடுங்கிய கை அவருடையது.

புதன்கிழமை காடு முழுக்க நடந்தோம். என் தலையில் கோர்டன் ஒரு ஆரஞ்சுத் தொப்பியை மாட்டினார், என்னை மூஸ் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக. பார்த்தது ஒரு முயல். வியாழக்கிழமை ஒரு பசுவும் கன்றும் வந்தன. பசுவுக்குச் சீட்டு இல்லை. கன்றைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது என்று கோர்டன் நினைவூட்டினார். மரியதாஸ் துப்பாக்கியைத் தூக்கினார், பிறகு இறக்கினார். தாயைப் பார்க்கவிட்டுக் கன்றைச் சுட்டுக்கொண்டுபோய் மகள் கலியாணத்துக்குப் போடுவதா என்று முணுமுணுத்தார். செல்வியிடம் முருகனின் மாமனார் வீட்டு உணவைப் பற்றிப் பேசிய மனிதர்.

ஆக மிச்சம் வெள்ளிக்கிழமை காலை. பத்து மணிக்குக் கிளம்பினால்தான் யோகராசா மாலைப் பூசைக்கு வீடு போய்ச் சேருவார். அவர் கிளம்பினால் சீட்டும் கிளம்பிவிடும்.

விடிந்ததும் மரியதாஸும் கோர்டனும் குடிலின் பின்மேட்டில், ஏரிக்கரையைப் பார்க்கிற புதரில் உட்கார்ந்தார்கள். கோர்டனின் பைனாகுலரோடு நானும். யோகராசா தினமும் விடியற்காலையில் செய்வதை அன்றும் செய்தார். வேட்டியோடு ஏரிக்குப் போய், கரையோரத்தில் படிந்த மெல்லிய பனிக்கட்டியைக் காலால் உடைத்து, முழங்கால் ஆழத்தில் நின்று, கோர்டனின் சூப் சட்டியால் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றினார். விதிகளை மனப்பாடம் செய்தவர் ஆகையால் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றவில்லை. தண்ணீர் தொப்பி வழியாகவே முருகனுக்குப் போயிற்று.

அப்போதுதான் காளை வந்தது.

கரையோடு நடந்து வந்து, யோகராசாவுக்கு அப்பால் நின்றது. நான் படித்ததும் கேட்டதும் எல்லாம் அதன் அளவைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தன. மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. கொம்பின் அகலத்தில் ஒரு கட்டிலைப் போடலாம். மயிர் அடர்ந்து கறுப்பாக மின்னியது. அதற்குள் எத்தனை உண்ணி இருந்ததோ, வெளியே தெரியவில்லை. மரியதாஸ் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார். பொருத்திய பிறகுதான் கவனித்தார். துப்பாக்கிக்கும் காளைக்கும் நடுவே, நேர்கோட்டில், ஈர வேட்டியோடு சீட்டுக்காரர் நின்றார்.

"விலகு," என்று மரியதாஸ் உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு ஒரு கையால் சைகை செய்தார். யோகராசா திரும்பி எங்களைப் பார்த்தார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பைனாகுலரில் அவர் கண்ணைப் பார்த்தேன். மேட்டைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக் காளையைப் பார்த்தார். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் போதும்.

நகரவில்லை. காளையும் நகரவில்லை. தொப்பி போட்ட ஒரு முருக பக்தனை அது முன்பு கண்டிருக்காது. கோர்டன் மரியதாஸின் துப்பாக்கிக் குழாயை மெதுவாகக் கீழே தாழ்த்தினார். யோகராசா நிதானமாகக் குனிந்து, இன்னொரு சட்டி தண்ணீர் மொண்டு, தலையில் ஊற்றிக்கொண்டார். காளை பெருமூச்சு போல ஒன்று விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போயிற்று.

மரியதாஸ் ஏரிக்கரைக்கு ஓடினார். பேஸ்மன்ட், கலியாணம், சம்பந்தி, தேவாலய வாசல் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. கடைசியில், "அது உந்தக் குளிரைத் தாண்டாதடா, உண்ணி தின்னப்போகுது, அநியாயமாப் போகப்போகுது," என்றார்.

"உண்ணி கொண்டால் அது உண்ணியின்ர பாவம், அண்ணை," என்றார் யோகராசா, பல் கிட்டிக்க. "எனக்கு இண்டைக்குப் பின்னேரம் வரைதான் பொறுப்பு."

"விலகச் சொன்னனே, தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. கால் விறைச்சுப் போச்சு."

மரியதாஸ் என்னைப் பார்த்தார், சாட்சியைக் கேட்பதுபோல. குளிர் கடுமையாகத்தான் இருந்தது என்றேன். தண்ணீர் மொண்ட கை விறைக்கவில்லை என்பதை நான் செய்தியில் சேர்க்கவில்லை. ஆசிரியர்கள் இடமின்மை கருதி என்று போடுவார்களே, அது.

திரும்பும் வழியில் மரியதாஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஹீட்டர் சைபீரியாவில் நின்றுவிட்டது, யாரும் அதைத் தொடவில்லை. அதே டோனட் கடையில் அவர் இறங்கக்கூட இல்லை. ஆறு நாளாகச் சரியாகச் சாப்பிடாத யோகராசா உள்ளே போய், ஒரு டோனட்டும் காப்பியும் வாங்கிவந்து அவர் மடியில் வைத்தார். வெகுதூரம் போன பிறகு காகிதப் பை சலசலக்கும் சத்தம் கேட்டது.

மாலைப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். செல்வி என்னைத்தான் முதலில் கேட்டாள். ஒன்றும் சாகவில்லை, அவர் கையும் காட்டவில்லை என்றேன். இரண்டும் உண்மை. அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பயன்படாத சீட்டைத் திரும்ப மாட்டப்போன கணவரிடமிருந்து வாங்கி, சாமித் தட்டில், மயில் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு அதைப் பார்த்தால் இப்போது கோபம் வரவில்லை.

காகித மனிதர் திங்கட்கிழமைதான் வேட்டையிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லையாம். மறுநாள் எனக்கு விமானம். அதனால் கலியாணத்தையும் பார்க்க முடிந்தது.

பூசைக்கு மறுநாள், சனிக்கிழமை விருந்தில் பெரிய அண்டா ஒன்றின்மேல், நடுவில், 'மரை' என்று எழுதிய அட்டை நின்றது. முதல் நாள் இரவு முழுக்க மரியதாஸ் ஆட்டுக்கறியைக் கறுவாவும் மிளகும் போட்டுக் கறுக்க வறுத்திருந்தார். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. சம்பந்தி, தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர், ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். சம்பந்தி யோகராசாவிடம் திரும்பி, சீட்டு உங்கள் பெயரில்தானாமே, எப்படி இருக்கிறது சொல்லுங்கள் என்றார்.

"நான் சைவம்," என்றார் யோகராசா. "ஆனால் காளையை நேர நிண்டு பாத்தனான். நல்ல காளை."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனாலும் சம்பந்தி விடவில்லை. பக்கத்தில் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த கோர்டனிடம் போனார். மேசையில் இருந்தவர்களிலேயே சிறுவயதிலிருந்து மூஸ் தின்று வளர்ந்தவர் அவர் ஒருவர்தான். கோர்டன் தட்டில் இருந்ததை முடித்தார். மரியதாஸை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டாவது தடவையாக அண்டாவுக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "என் வாழ்நாளில் இதைவிட நல்ல மூஸ் நான் தின்றதில்லை."

அதோடு முடிந்தது. தீவுக்காரர்கள் மூன்று மேசைகள் எழுந்து அண்டாவிடம் போனார்கள். சம்பந்தி மரியதாஸின் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தினார். "வாற வருசம் குலுக்கலில என்ர பேரையும் போடுங்கோ. விழுந்தால் நீங்களே எடுங்கோ, நான் பிறகு பாத்துக்கொள்ளுறன்."

மரியதாஸ் ஏரிக்கரைப் பக்கம் பார்ப்பதுபோல யோகராசாவை ஒரு கணம் பார்த்தார்.

"அது கைமாத்த ஏலாது, சம்பந்தி," என்றார். "பேர் விழுந்தவர்தான் வந்து நிக்கவேணும்."